வேலூர் மையத்தை மூடாதீர்கள்: தொலைநிலைக் கல்வி இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் தொலைநிலைக் கல்வி இயக்குநர் அவர்களுக்கும்,

இந்தக் கல்வியாண்டிலிருந்து வேலூர் கற்போர் உதவி மையம் இயங்காது, ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்புகள் இணையத்தில் மட்டுமே நடக்கும், அச்சிட்ட பாடநூல்கள் அனுப்பப்படமாட்டா, தேர்வுகளைச் சென்னைக்கு வந்து எழுத வேண்டும் என்று உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. அது எங்களுக்கு வாட்ஸ்அப்பில் யார் யாரோ அனுப்பித்தான் கிடைத்தது. சேர்க்கைக் கட்டணம் கட்டியவர்களுக்குத் தனியாக ஒரு கடிதம்கூட வரவில்லை. காரணம் என்று அதில் இருப்பது நவீனமயமாக்கல் என்ற ஒரு சொல்தான்.

பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், உங்களிடம் படிப்பவர்களுக்கும் தெரியும். நாளை வேறொரு பல்கலைக்கழகமும் இதே முடிவை எடுக்கலாம் என்பதால் அங்கிருப்பவர்களும் இதைப் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

நான் பேரணாம்பட்டுப் பக்கத்து கிராமத்துக்காரி. பிளஸ் டூ முடித்த கையோடு ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கும் லைனில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் பக்கம் அது வழக்கம். தோல் பதனிடும் ஷாப்பில் அப்பா, ஷூ கம்பெனியில் மகள். அங்கே வேலை பார்த்துக்கொண்டே உங்களிடம் கரஸில், அதாவது அஞ்சல் வழியில், பி.காம். படித்தேன். இன்று அதே தொழிலில், வேறு ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அந்தப் பட்டம் இல்லாவிட்டால் இந்நேரம் தையல் மெஷின் முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். லைனில் இருக்கும் பெண்களுக்கு இது தெரியும். அதனால் ஒவ்வொரு சேர்க்கைக் காலத்திலும் விண்ணப்பம் நிரப்ப என்னிடம் வருவார்கள். "அக்கா, நான் படிச்சா முடிப்பேனா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். முடிப்பாய் என்று தைரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலூரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இருக்கிறது, புரியாததைக் கேட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் அப்படிச் சொன்னேன். இந்த ஆண்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அந்த வகுப்பில் என்ன நடந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் அது தெரியாது.

நீங்கள் அனுப்பிய புத்தகத்தில் இறுதிக் கணக்குகள் என்று ஒரு பாடம் இருந்தது. சரிக்கட்டுப் பதிவுகள், தேய்மானம், வாராக்கடன் ஒதுக்கு என்று வரிசையாக வரும். புத்தகத்தில் உள்ள கணக்கை அப்படியே போட்டுவிடலாம். எண்ணை மாற்றிக் கொடுத்தால் கை நின்றுவிடும். இறுதிச் சரக்கிருப்பை ஏன் இரண்டு இடத்தில் காட்ட வேண்டும் என்பது எத்தனை முறை படித்தும் எனக்கு ஏறவில்லை. வேலூர் மையத்தில் வகுப்பெடுத்த பேராசிரியர் எங்களில் பாதிப் பேர் தோல் தொழிலிலிருந்து வருகிறவர்கள் என்று தெரிந்ததும், கரும்பலகையில் ஒரு தோல் ஷாப்பின் கணக்கைப் போட்டார். மார்ச் 31ஆம் தேதி இரவு ஷாப்பில் என்னென்ன கிடக்கும் என்று எங்களையே கேட்டார். உப்புப் போட்ட பச்சைத் தோல், டிரம்மில் பாதி பதனிட்டுக் கிடக்கும் தோல், பினிஷிங் முடிந்து அனுப்பக் காத்திருக்கும் தோல் என்று நாங்கள் சொல்லச் சொல்ல எழுதினார். இதற்கெல்லாம் காசு போட்டாயிற்று, ஆனால் இன்னும் விற்கவில்லை, அப்போது இந்த ஆண்டின் செலவில் இதைச் சேர்க்கலாமா என்று கேட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சத்தமாக "சேர்க்கக் கூடாது சார்" என்றாள். அந்த நிமிடத்தில் எங்களுக்கு அந்தப் பாடம் புரிந்தது. எதிரே இருப்பவர்கள் யார், எங்கே விழிக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்ட ஆசிரியரால் வந்த புரிதல் அது. இன்று கம்பெனியில் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதும் அந்தக் கரும்பலகைக் கணக்கின் முறையில்தான் முடிக்கிறேன்.

இந்தக் கல்வியின் வரலாற்றைக் கொஞ்சம் படித்திருக்கிறேன். உங்களுக்கு அது பாடமாகவே தெரியும். இருந்தாலும் இந்தச் சுற்றறிக்கையை எழுதும்போது அது நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை என்பதால் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னி தபால்தலை ஒட்டினால் நாட்டில் எங்கும் கடிதம் போகும் என்ற ஏற்பாடு வந்தது. அதை வைத்து ஐசக் பிட்மன் என்ற ஆசிரியர் அஞ்சல் வழியாகச் சுருக்கெழுத்து கற்பித்தார். பாடத்தை அனுப்பியதோடு அவர் நிற்கவில்லை. மாணவர் பைபிளிலிருந்து ஒரு பகுதியைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்ப வேண்டும். பிட்மன் அதைத் திருத்தித் திருப்பி அனுப்புவார். பாடம் அனுப்புவது விளம்பரம் செய்கிற யாருக்கும் முடியும். திருத்தம் திரும்பி வந்ததால்தான் அதற்குக் கல்வி என்ற பெயர் நிலைத்தது. 1858இல் லண்டன் பல்கலைக்கழகம், வளாகத்துக்கு வந்து படிக்காதவர்களும் தேர்வு எழுதிப் பட்டம் பெறலாம் என்று கதவைத் திறந்தது. பின்னால் நெல்சன் மண்டேலா ராபன் தீவுச் சிறையிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டப் படிப்பைப் படித்தார். கடைசியில் 1989இல், சிறையில் இருந்தபடியே, தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகமான யூனிசாவில் சட்டப் பட்டம் பெற்றார். யூனிசாவும் 1946இலிருந்து அஞ்சல் வழியில் கற்பித்துவரும் பல்கலைக்கழகம்தான். எங்கள் வேலூர் தொரப்பாடி மத்தியச் சிறைக்குள்ளிருந்து பட்டம் வாங்கியவர்களும் உண்டு. அவர்களைச் சென்னைக்கு வந்து எழுது என்று யாரும் சொல்வதில்லை. வினாத்தாள்தான் அவர்களிடம் போகிறது.

பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் சாசனம் பெற்று, 1971இல் முதல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கியது. அதைக் கொண்டுவரப் பாடுபட்ட அமைச்சர் ஜென்னி லீ ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். அன்றைக்கு அவர்கள் கையில் இருந்த நவீனம் தொலைக்காட்சி. பிபிசியில் பாடங்கள் ஒளிபரப்பானது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆனால் தொலைக்காட்சி வந்துவிட்டதே என்று அச்சுப் பாடத்தை அவர்கள் நிறுத்தவில்லை. தபாலில் புத்தகம் போனது, ஊருக்கு ஊர் படிப்பு மையம் இருந்தது, பயிற்சித் தாளைத் திருத்திக் குறிப்பு எழுதும் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு மாணவருக்கும் இருந்தார், கோடையில் நேரில் வந்து தங்கிப் படிக்கும் முகாமும் இருந்தது. பழையது இருக்க, புதியதை அதன்மேல் சேர்த்தார்கள்.

இந்தியாவில் டி.எஸ். கோத்தாரி தலைமையிலான குழுவின் பரிந்துரையால் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் தொடங்கின. அப்போது இந்தப் பக்கம் முழுவதும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். திருவண்ணாமலையும் அதில்தான் இருந்தது. கிராமங்களிலிருந்து கல்லூரிக்குப் போவது எல்லாருக்கும் முடிகிற காரியமில்லை. எங்கள் வீட்டிலேயே என் மாமா ஒருவர் பீடி மண்டியில் கணக்கெழுதிக்கொண்டே தபாலில் பி.ஏ. படித்தார். பாடக்கட்டு வந்தால் தபால்காரர் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போகாமல் மண்டிக்கே தேடிப் போய்க் கொடுப்பாராம். கணியம்பாடிக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை இருக்கிறதே, ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், அங்கேயும் அப்படித்தான். எல்லையில் பணியில் இருந்துகொண்டே தபாலில் படித்து, ஓய்வு பெற்று வந்ததும் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் இரண்டாவது வேலைக்குப் போனவர்கள் எங்கள் மாவட்டத்தில் நிறைய.

2004 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எடுசாட் என்று கல்விக்காகவே ஒரு செயற்கைக்கோளை அனுப்பினார்கள். இனிக் கல்வி வானத்திலிருந்து இறங்கும் என்று பேசப்பட்டது. 2010இல் அதன் பணி முடிந்துபோனது. மாமா வீட்டுப் பரணில் 1980களின் பாடக்கட்டுகள் இன்றும் கிடக்கின்றன, எடுத்துப் படிக்கலாம்.

சரி, இணையம் வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. 2017இல் மத்திய அரசு ஸ்வயம் தளத்தைத் தொடங்கியபோது அதில் சேர்ந்து ஒரு பாடம் படித்துச் சான்றிதழ் வாங்கினேன். நல்ல பாடம். ஆனால் அதற்கு முன்பே எனக்குப் பட்டம் இருந்தது, கையில் சொந்தமாக ஒரு போன் இருந்தது, அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற நிலை இருந்தது. இந்த மூன்றும் இல்லாதவர்களுக்குத்தான் உங்கள் படிப்பு தேவைப்படுகிறது.

ஷூ கம்பெனிகள் பலவற்றில் வேலை நேரத்தில் போன் அனுமதி கிடையாது. வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். மாலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஒவ்வொரு ஊராக இறக்கிவிட்டு வரும்போது இருட்டிவிடும். உங்கள் இணைய வகுப்பு அட்டவணையில் வார நாட்களில் மாலை 6 மணிக்கு வகுப்பு போட்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எங்கள் பெண்கள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். ஞாயிறு வகுப்புக்கு வீட்டில் இருப்பார்கள்தான். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரு ஸ்மார்ட்போன் வீட்டுக்காரருடையதாகவோ தம்பியுடையதாகவோ இருக்கும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. நாடு முழுவதும் வாழ்நாளில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியிருக்கிறோம் என்று சொன்ன பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம். இப்போது கூடியிருக்கும். ஆனாலும் வீட்டில் போன் யார் கையில் இருக்கும் என்பது எங்கள் தெருவில் பெரிதாக மாறவில்லை.

வீடு என்பதும் ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை வேலூருக்கு வகுப்புக்குப் போகிறேன் என்றால் அது ஒரு காரணம், வீட்டில் விடுவார்கள். வீட்டிலேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது படிப்பாகவே கணக்கில் வராது. அரிசி களைந்துவிட்டு வா, குழந்தையைப் பார் என்று நடுவில் எழுப்பிக்கொண்டே இருப்பார்கள். கல்யாணமான பெண்களுக்கு அந்த வகுப்பறை பெஞ்ச் ஒன்றுதான் வாரத்தில் தமக்கென்று கிடைத்த இடம். இதை எந்தப் படிவத்திலும் யாரும் உங்களிடம் எழுதித் தந்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் இந்த ஓடிபி. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் போட்டது நெட் சென்டரில். மின்னஞ்சல் முகவரி இல்லை, கைவசம் போன் இல்லை என்பதால் கடைக்காரரே தன் எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுப் பதிந்துவிடுவார். இப்போது உங்கள் இணையதளத்தில் நுழைய வேண்டும் என்றாலும், பாடத்தை இறக்க வேண்டும் என்றாலும், ஹால் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றாலும் ஓடிபி அந்தக் கடைக்காரர் போனுக்குப் போகிறது. கடையை மூடிவிட்டு அவர் பெங்களூருக்குப் போய்விட்டால் அவ்வளவுதான். எண்ணை மாற்றித் தாருங்கள் என்று எங்கள் பகுதிப் பெண்கள் உங்கள் உதவி எண்ணுக்கு அழைத்தால் மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறார்கள். மின்னஞ்சல் அனுப்பினால் நேரில் வரச் சொல்லிப் பதில் வருகிறது. வேலூர் மையம் இருந்தபோது இதை அங்கிருந்த அலுவலகப் பணியாளர் ஒருவரே அடையாள அட்டையைப் பார்த்து முடித்துக் கொடுப்பார்.

புத்தகத்தை பிடிஎப் கோப்பாகத் தருகிறோம் என்கிறீர்கள். ஆறு அங்குலத் திரையில் பேரேட்டுக் கணக்கை யார் படிக்க முடியும்? பற்றுப் பக்கம் தெரிந்தால் வரவுப் பக்கம் தெரியாது. அதனால் எல்லாரும் ஜெராக்ஸ் கடைக்குத்தான் போகிறார்கள். ஒரு பக்கம் ஒரு ரூபாய் என்றாலும் ஐந்து பாடத்துக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. நீங்கள் மொத்தமாக அச்சடித்தால் அதில் சிறு பங்குதான் ஆகும். அச்சுச் செலவை மிச்சப்படுத்தவில்லை, எங்கள் தலையில் பல மடங்காக ஏற்றியிருக்கிறீர்கள். கட்டணத்திலோ ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

நாங்களாவது பரவாயில்லை என்று சொல்ல வைக்கிறது மலை நிலைமை. அணைக்கட்டு ஒன்றியத்தில் ஜவ்வாது மலைமேல் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று மூன்று ஊராட்சிகள் இருக்கின்றன. பீஞ்சமந்தைப் பக்கத்திலிருந்து வந்து பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்த பழங்குடிப் பெண் ஒருத்தியை வேலூர் மையத்தில்தான் எனக்குத் தெரியும். அவள் ஊரில் போனில் பேசவே சிக்னல் கிடைக்கும் பாறையைத் தேடிப் போக வேண்டும் என்பாள். சனிக்கிழமையே மலையிறங்கி ஒடுகத்தூரில் உறவினர் வீட்டில் தங்கி, ஞாயிறு காலை வகுப்புக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பாள். உங்கள் சுற்றறிக்கைக்குப் பிறகு அவளால் எப்படித் தொடர முடியும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவளுக்குப் புத்தகம் வராது, வகுப்பு இல்லை, தேர்வு சென்னையில்.

தேர்வைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயிலில் 130 கிலோமீட்டர். காட்பாடி வந்து சேருவதே பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு பயணம். காலை 10 மணித் தேர்வுக்கு முந்தின இரவே கிளம்ப வேண்டும். தனியாக ஒரு பெண் சென்னையில் எங்கே தங்குவாள்? துணைக்கு ஒருவர் வந்தால் அவருக்கும் அன்றைய கூலி போச்சு. கைக்குழந்தைக்காரிகள் எழுதவே வரமாட்டார்கள். அடுத்த பருவத்தில் நீங்கள் பார்க்கப்போவது ஆப்சென்ட் கணக்குதான். அதை வைத்து, மாணவர்களுக்கே ஆர்வமில்லை என்று ஒரு அறிக்கை தயாராகிவிடுமோ என்பதுதான் என் பயம்.

நேர்முக வகுப்புக்கு வருகை குறைவு, அதனால்தான் மூடுகிறோம் என்று உங்கள் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்களாம். வருகை குறைந்தது உண்மை. ஏன் குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் படித்தபோது பருவம் தொடங்கும் முன்பே வகுப்புத் தேதிகள் அச்சிட்ட அட்டையில் வீட்டுக்கு வந்துவிடும். மேஸ்திரியிடம் காட்டி, ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லி வைக்கலாம். கடைசிச் சில ஆண்டுகளில் வியாழக்கிழமை இணையதளத்தில் அறிவிப்பு, ஞாயிறு வகுப்பு என்று ஆனது. மையத்துக்கு வந்த பிறகு ஆசிரியர் வரவில்லை என்று திருப்பி அனுப்பியதும் நடந்தது. வருகையை நீங்கள்தான் குறைத்தீர்கள் என்று மரியாதையோடு சொல்கிறேன்.

தனியார் படிப்பு மையங்களில் நடந்த முறைகேடுகளையும் காரணமாகச் சொல்கிறார்கள். அதில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. பணம் கொடுத்தால் பாஸ் போட்டுத் தருகிறோம் என்று போர்டு வைக்காத குறையாக மையம் நடத்தியவர்களை இந்த மாவட்டமும் பார்த்திருக்கிறது. 2013க்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி நேரடியாகப் பொறுப்பெடுத்து, பல்கலைக்கழகங்கள் தங்கள் அதிகார எல்லை தாண்டி வைத்த மையங்களையும் தனியார் குத்தகை மையங்களையும் நிறுத்தியது சரியான காரியம். ஆனால் எங்கள் மையம் ஓர் அரசுக் கல்லூரிக் கட்டடத்தில், அந்தக் கல்லூரிப் பேராசிரியர்களை வைத்து நடந்தது. அங்கே காப்பி அடிக்க விட்டதாக ஒரு புகார்கூட நான் கேட்டதில்லை. அதை மூடினால், அந்தப் பழைய போர்டு மையக்காரர்கள் வேறு பெயரில் முளைப்பார்கள். அசைன்மென்ட் எழுதித் தரப்படும் என்ற நோட்டீஸ் இப்போதே பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கிறது.

யூஜிசியின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளை நீங்கள் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். திறந்தநிலை மற்றும் தொலைநிலைக் கல்வி என்று ஒன்றையும், இணையவழிக் கல்வி என்று இன்னொன்றையும் அது தனித்தனியாக வரையறுக்கிறது. முதலாவதில் அச்சுப் பாடம், மின்னணு ஊடகம், அவ்வப்போது மாணவரை நேரில் சந்திக்கும் வகுப்பு, கற்போர் உதவிச் சேவை எல்லாம் சேர்ந்தே வருகின்றன. எங்கள் பெண்கள் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டியது முதல் வகைப் படிப்புக்கு. சேர்ந்த பிறகு இரண்டாவது வகையைக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

விதி மாறும்போது அடி யார்மேல் விழும் என்பது எங்களுக்குப் புதிதில்லை. பள்ளிப் படிப்பை முறையாக முடிக்காதவர்கள் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் நேரடியாகச் சேர்ந்து பட்டம் பெறலாம் என்றார்கள். நம்பிச் சேர்ந்தவர்கள் ஏராளம். 2009 ஆகஸ்டில் வந்த அரசாணை 107, பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடித்த பிறகு பெற்ற பட்டமே அரசுப் பணிக்குச் செல்லும் என்றது. அரசின் காரணம் அரசுக்கு இருக்கலாம். ஆனால் சேரும்போது அதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. குடியாத்தத்தில் அப்படிப் பட்டத்தை பிரேம் போட்டு மாட்டிவைத்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கே திரும்பிப் போனவர்கள் உண்டு.

2022 செப்டம்பரில் யூஜிசி, அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் இணையவழிப் பட்டமும் நேரடிப் பட்டத்துக்கு இணையானவை என்று அறிவித்தது. காகிதத்தில் அது நல்ல செய்தி. ஆனால் இன்டர்வியூவில் "கரஸ்தானே?" என்ற பார்வை இன்றும் இருக்கிறது. அந்தப் பார்வைக்கு நான் சொல்லிவந்த பதில், எங்களுக்கும் பேராசிரியர் வகுப்பெடுத்தார், எங்கள் தாளும் திருத்தி வந்தது என்பதுதான். அதையும் நீங்கள் எடுத்துவிட்டால் இனிப் படிப்பவர்களோடு சேர்த்து ஏற்கெனவே படித்து முடித்த எங்கள் பட்டத்தின் மதிப்பும் இறங்கும்.

இதே மாநிலத்தில் இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்தோம். 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020இல் பள்ளிகள் மூடியபோது பிள்ளைகளுக்கு அதில்தான் பாடம். நல்ல முயற்சி. ஆனாலும் திரை மட்டும் போதவில்லை என்று அரசே உணர்ந்துதான் 2021இல் இல்லம் தேடிக் கல்வி என்று தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பியது. எங்கள் தெருவில் வகுப்பெடுத்த தன்னார்வலர் கரஸில் படித்த பெண்தான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, மருத்துவர்களுக்கென்று குடும்ப மருத்துவப் பட்டயப் படிப்பைத் தொலைநிலையில் நடத்தியபோதும் நேர்முக வகுப்புகளை வைத்தே நடத்தியது. எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கே ஆசிரியரை நேரில் பார்ப்பது தேவைப்படுகிறது. ஷிப்ட் முடிந்து வந்து படிப்பவளுக்கு மட்டும் அது எப்படித் தேவையில்லாமல் போகும்?

உயர்கல்வி பற்றிய அகில இந்திய ஆய்வின்படி 2020-21இல் நாட்டில் 4.13 கோடிப் பேர் உயர்கல்வியில் இருந்தார்கள். அதில் 45.71 லட்சம் பேர் தொலைநிலையில் படித்தவர்கள். ஒன்பது பேரில் ஒருவர். இந்தக் கல்விக்கு எதிர்காலம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன், இணையத்தால் அது இன்னும் பெரிதாகும் என்றும் நம்புகிறேன். வேலூரில் நடக்கும் வகுப்பைப் பதிவு செய்து சிறிய கோப்பாகத் தந்தால் வர முடியாதவர்கள் இரவில் பார்க்கலாம். மலைக்குப் பென்டிரைவில் கொடுத்தனுப்பலாம். படித்து முடித்த பாடங்களின் மதிப்பைச் சேர்த்து வைக்க 2021இல் வந்த கல்வி மதிப்பெண் வங்கியை ஒழுங்காகப் பயன்படுத்தினால், பிரசவத்துக்காகப் படிப்பை நிறுத்திய பெண் சில ஆண்டு கழித்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை அவை பூட்டித்தான் கிடக்கின்றன. அங்கே பெரிய திரையில் உங்கள் இணைய வகுப்பைப் போட்டு, சந்தேகம் தீர்க்க உள்ளூரில் ஒரு ஆசிரியரை உட்கார வைத்தால் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஒடுகத்தூர் எல்லாவற்றிலும் வகுப்பறை கிடைத்துவிடும். நவீனமயமாக்கல் என்றால் இதைச் செய்யுங்கள், நாங்கள் எல்லாரும் கூட நிற்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள் இவை. அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் திறக்கும் முன்பே இவற்றில் முடிவு வேண்டும்.

வேலூர் கற்போர் உதவி மையத்தை மூடும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். பழைய இடம் கிடைக்காது என்றால் மாவட்டத்தில் வேறொரு அரசுக் கல்லூரியிலோ மேல்நிலைப் பள்ளியிலோ அமையுங்கள்.

தேர்வு மையம் வேலூரிலேயே இருக்க வேண்டும். குடியாத்தத்தில் இன்னொன்று வைத்தால் மேற்கே இருப்பவர்களுக்கு உதவும்.

இந்த ஆண்டு கட்டணம் கட்டிய ஒவ்வொருவருக்கும் அச்சிட்ட பாடநூலை அஞ்சலில் அனுப்புங்கள். பிடிஎப் போதும் என்று எழுதித் தருபவர்களுக்கு மட்டும் அதை நிறுத்தி, அந்தத் தொகையைக் கட்டணத்தில் கழியுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு படிகளை வேலூர் மாவட்ட மைய நூலகத்திலும் குடியாத்தம், பேரணாம்பட்டு கிளை நூலகங்களிலும் வையுங்கள்.

நேர்முக வகுப்புத் தேதிகளைப் பருவம் தொடங்கும் முன்பே அறிவியுங்கள். அறிவித்தபின் ஆசிரியர் வர முடியாவிட்டால் மாற்று ஆசிரியரை அனுப்புவது உங்கள் பொறுப்பு. அசைன்மென்டுகளை மதிப்பெண் மட்டும் போட்டுக் கட்டிவைக்காமல் திருத்திய குறிப்போடு திருப்பித் தாருங்கள்.

பதிவான போன் எண்ணை மாற்ற மையத்தில் நேரடி ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை ஹால் டிக்கெட்டை ஓடிபி இல்லாமல், அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ள வழி வேண்டும்.

சுற்றறிக்கையால் படிப்பைத் தொடர முடியாமல் விலக நினைப்பவர்களுக்குக் கட்டிய கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தாருங்கள். அவர்களுடைய மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் பிடித்து வைக்காதீர்கள்.

கடைசியாக, இப்படி ஒரு முடிவை எடுக்கும் கூட்டத்தில் படிக்கும் மாணவர்களிலிருந்து இருவரையாவது உட்கார வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் எங்கள் பெண்கள் வருவார்கள். வேலூரில் கூட்டம் வைத்தால் இடம் பார்த்துத் தருவது, எல்லாருக்கும் தகவல் சொல்வது, மலையிலிருந்து வருபவர்களை அழைத்து வருவது இவற்றை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். தேதியை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் பி.காம். படித்த முன்னாள் மாணவி,
பேரணாம்பட்டு வட்டம், வேலூர் மாவட்டம்